இடுப்பளவுத் தண்ணீர்

தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டேன். அப்புறம் மருமகள் கூப்பிட்டபோது சார்ஜ் தீர்ந்துவிட்டது என்றேன். பொய். சார்ஜ் நிறைய இருந்தது. நம் தெருக் கோவிந்தன் சாவுக்கு நான் ஊருக்குப் போய்வந்தது யார் மூலமாகவோ பெங்களூர் வரைக்கும் வந்து உன் காதில் விழுந்துவிட்டது. "எதுக்கு அங்க போனீங்க? இந்த வயசுல அந்தத் தண்ணியில எறங்கி... புத்தி இருக்காப்பா உங்களுக்கு?" என்றாய். அதுவரைக்கும் பரவாயில்லை, நானும் என் அப்பனிடம் இதைவிட மோசமாகப் பேசியிருக்கிறேன். அதற்கு மேல் ஒன்று சொன்னாய். "நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னாலும் அங்க எடுத்துட்டுப் போவ மாட்டேன். ஃப்ளாட்லேருந்து வேன், நேரா கரண்ட் சுடுகாடு. அவ்ளோதான்." உன் அம்மா எரிந்த இடத்தில்தான் என்னையும் எரிக்க வேண்டும் என்று நான் உன்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. நான் கேட்காமலே உனக்குத் தெரிந்திருக்கிறது, நான் கேட்காமலே இல்லை என்றும் சொல்லிவிட்டாய். வாயால் பதில் சொன்னால் நீ ஒன்று பேச நான் ஒன்று பேச, மறுபடியும் ஆறு மாதம் பேச்சு நின்றுபோகும். அதனால்தான் எழுதுகிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும், பொறுத்துக்கொண்டு படி.

முதலில் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். நல்ல வீடு. மூன்றாவது மாடி, காற்று வருகிறது, மழைக்கு ஒழுகவில்லை. மதகடிக் குவார்ட்டர்ஸில் மழை பெய்தால் எந்த மூலையில் எந்தக் குண்டானை வைக்க வேண்டும் என்று உனக்கும் மனப்பாடம்தானே. நான் ரிட்டயர் ஆன கையோடு இலாகா ஆள் வந்து காலி செய்யச் சொன்னார். எனக்குப் பிறகு அந்தக் கட்டடத்தில் யாரும் குடிவரப் போவதில்லை, ஒரு பக்கச் சுவர் ஏற்கெனவே வயிறு தள்ளி நிற்கிறது. ஆனாலும் பூட்டுப் போட்டுச் சாவியை வாங்கிக்கொண்டுதான் போனார். நம் தெருவில் இருந்த குடிசை உன் அம்மாவுக்குப் பிறகு கவனிப்பார் இல்லாமல் உட்கார்ந்துவிட்டது. ஆக, நீ டவுனில் இந்த வீட்டை வாங்கி என்னை இங்கே கொண்டுவந்து வைக்காவிட்டால் திருக்காட்டுப்பள்ளி பஸ் ஸ்டாண்டில்தான் துண்டை விரித்திருக்க வேண்டும். இதைப் புலம்பல் என்று எடுத்துக்கொள்ளாதே. உள்ளதைச் சொல்கிறேன்.

பிரச்சினை வீட்டில் இல்லை, எனக்குக் கையும் காலும் சும்மா இருப்பதுதான். விடிந்ததும் எழுந்து வெளியே வந்து தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது, எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்தே பழகிய கண் இது. இங்கே எழுந்து பால்கனிக்கு வந்தால் கீழே கார்கள் நிற்கின்றன. நேற்று நின்ற இடத்திலேயே நிற்கின்றன. அசோசியேஷன் செக்ரட்டரி காலேஜில் வாத்தியாராக இருந்தவர், நல்ல மனுஷர், வந்த புதிதில் லிஃப்ட் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். "சார் எந்த டிபார்ட்மெண்ட்ல இருந்தீங்க?" என்றார். "பாசன இலாகாங்க." "ஓ, இன்ஜினியரா?" "இல்லீங்க, லஸ்கர்." "லஸ்கர்னா?" "ஆத்துலேருந்து வாய்க்கால் பிரியிற எடத்துல மதகு இருக்குமில்லீங்களா? மேலேருந்து சொல்ற அளவுக்கு அந்த ஷட்டரை ஏத்தணும், எறக்கணும். கரையப் பாத்துக்கிட்டு ராப்பகலா அங்கயே கெடக்கணும். அதாங்க வேல." அவர் ரொம்ப மரியாதையாக "இன்ட்ரஸ்டிங்" என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்குள் போய்விட்டார். வாழ்நாள் முழுக்கப் பார்த்த வேலை ஒரு லிஃப்ட் வருவதற்குள் சொல்லி முடிந்துவிட்டது.

அதே மாதத்தில் முதல் மாடியில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். துக்கம் கேட்கப் போனேன். ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தார். மகன் வாசலில் நின்று வருகிறவர்களுக்குக் கைகூப்பிக்கொண்டிருந்தான். உன் வயசுதான் இருக்கும். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு என்ன கேட்டேன் தெரியுமா? "எந்தப் பக்கமா எடுக்குறீங்க தம்பி? வழியில தண்ணி உண்டா?" என்று கேட்டுவிட்டேன். பாவம், அவன் திருதிருவென்று முழித்தான். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். தாகம் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. வாங்கிக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அப்புறம் வேன் வந்தது. லிஃப்டில் படுக்கவைக்க இடம் இல்லை, அதனால் வேன்காரர்கள் நாலு பேர் ஸ்ட்ரெச்சரில் வைத்து மாடிப்படி வழியாக இறக்கினார்கள். மகன் செருப்புகூடக் கழற்றவில்லை, பின்னால் காரில் போனான். மேலே பால்கனிகளில் நின்று எல்லாரும் பார்த்தோம். ஒரு சொட்டுத் தண்ணீர் யார் மேலும் படவில்லை. நீ போனில் சொன்னது இந்தக் காட்சியைத்தான் என்று எனக்குப் புரிகிறது.

எனக்கு அந்தக் கேள்வி வாயில் வந்ததற்குக் காரணம் உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உன் பிள்ளைகள் நாளைக்கு இதைப் படித்தால் அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். ஊர்த்தெருவுக்குத் தனிச் சுடுகாடு, தார் ரோடு போட்டு விளக்கும் போட்டிருக்கிறது. நம் தெருவுக்கு வாய்க்காலுக்கு அந்தண்டை. குறுக்கே ஒரு பனைமரத்தைத் தூக்கிப் போட்டிருக்கிறார்கள், அதில் ஆள் ஒருத்தர் போகலாம், பாடை போக முடியாது. பாலம் கேட்டு மனுக் கொடுத்துக் கொடுத்து நம் தெருப் பெரிசுகள் ஒவ்வொருவராக அதே தண்ணீரைக் கடந்தே சுடுகாடு போய்ச்சேர்ந்தார்கள். அதனால் தெருவில் ஒரு சாவு என்றால் முதலில் மேளக்காரருக்கு ஆள் போகாது, எனக்குத்தான் ஆள் வரும். "அண்ணே, சாயந்தரம் எடுக்குறோம், தண்ணிய மறிச்சிடுங்க." நான் நேரம் பார்த்து ஷட்டரை இறக்குவேன். வாய்க்கால் வடிந்து அவர்கள் பாடையோடு வரும்போது கணுக்கால் அளவு நிற்கும். எரித்துவிட்டுத் திரும்பி வருகிறவர்கள் தலைமுழுக வேண்டுமே, அதற்குள் ஏற்றிவிடுவேன். போகும்போது வடிய வேண்டும், வரும்போது ஓட வேண்டும். கடைமடைக்காரர்கள் கத்துவார்கள். "யோவ் லஸ்கரு, பயிரு காயுது, செத்தவனுக்கு எதுக்குய்யா தண்ணிய மறிக்கிற?" என்பார்கள். "ஒங்க வூட்டுலயும் ஒருநாள் விழும்யா, வாய மூடிட்டுப் போ" என்பேன். எந்த ஆபீசரும் இதற்கு எனக்கு உத்தரவு போட்டதில்லை. தெரிந்தும் யாரும் தடுத்ததில்லை.

அப்படித் தெருவுக்கே மறித்தவன் உன் அம்மாவுக்கு மறிக்கவில்லை. இதுதான் உனக்கும் எனக்கும் நடுவில் கிடக்கிறது. நீ காலேஜில் கடைசி வருஷம். தீபாவளிக்குப் பிடித்த மழை விடவே இல்லை. முதல்நாள் வரைக்கும் நடவு வயலில் நின்றவள், நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தாள், தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. குடமுருட்டி ஆறு கரை விளிம்பு தட்டிக்கொண்டு போகிறது. காலையிலேயே இன்ஜினியர் போனில் கூப்பிட்டு, "ஒரு வாய்க்காலையும் மூடிடாதய்யா, ஆத்துல பாரம் கொறையணும், கீழ வளைவுல கர நிக்காது" என்று சொல்லிவிட்டார். அந்த வளைவுக்குக் கீழே எத்தனை வீடு இருக்கிறது என்று அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். நம்மைப் போல அன்றாடம் வேலைக்குப் போகிற குடும்பங்கள்தான். முழுசாக இறக்கினால் மொத்தப் பாரமும் அந்தக் கரை மேல் போய் முட்டும். பாதி இறக்கினேன். நீ தலையில் எண்ணெய் வைத்து, புது வேட்டி கட்டி, கொள்ளிச்சட்டியோடு மதகுக்கு வந்து நின்று, "அப்பா, வாங்க" என்றாய். நான் சொன்னது எனக்கு எழுத்து எழுத்தாக ஞாபகம் இருக்கிறது. "பாதி எறக்கிருக்கேன்டா. இடுப்பளவுதான் இருக்கும். பாத்துப் போயிடுவீங்க. நான் ஷட்டர விட்டுட்டு வர முடியாது."

பாதியில் நிற்கிற ஷட்டரை விட்டுவிட்டு நகர முடியாது என்பது உண்மைதான். வெள்ளத்தில் மரம், மட்டை, செத்த மாடு என்று வந்து முட்டும், ஆள் நின்று தள்ளிவிட வேண்டும். மதகிலிருந்து பார்த்தால் நீங்கள் கடக்கிற இடம் தெரியாது, மூங்கில் புதர் மறைக்கும். மேளம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது, அப்புறம் நின்றது. கரையில் இறங்கிவிட்டார்கள், தண்ணீரில் யார் மேளம் அடிப்பார்கள், கடந்திருப்பார்கள் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். நடு வாய்க்காலில் முன்பக்கம் தூக்கியிருந்த கோவிந்தனுக்குச் சேற்றில் கால் வாரி, பாடை சரிந்து, அவள் முக்கால்வாசி தண்ணீருக்குள் போய், நீ சட்டியைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் அவளைத் தாங்கிப் பிடித்தது எதுவும் எனக்குத் தெரியாது. இருட்டுகிற நேரத்தில் நீ சொட்டச் சொட்டத் திரும்பி வந்தாய். "அம்மாவ நனைச்சுதான்பா எரிச்சோம். பத்தவே இல்ல" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். அதற்கப்புறம் இன்றுவரைக்கும் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் அப்போது உன்னைக் கட்டிப் பிடித்திருக்கலாம். "துண்ட எடுத்துத் தொடச்சிக்க, சளி புடிச்சிக்கும்" என்றேன். என்ன ஜென்மமோ நான்.

கரை உடையவில்லை. இன்ஜினியர் மறுநாள் வந்து, "நல்லா பாத்துக்கிட்டய்யா" என்று தோளில் தட்டிவிட்டு, துக்கமும் கேட்டுவிட்டுப் போனார். வளைவுக்குக் கீழே இருந்தவர்கள் ஒருவருக்கும் அப்படி ஒன்று நடந்தது என்றே தெரியாது. தெரிந்திருக்க நியாயமும் இல்லை, அவர்கள் வீட்டு வாசலுக்குத் தண்ணீர் வரவில்லையே. நீ அதன் பிறகு லீவுக்கு வந்தாலும் குவார்ட்டர்ஸில் ஒரு வேளைக்கு மேல் தங்கியதில்லை. வேலைக்குப் போனாய், கல்யாணம் செய்தாய், என்னை மரியாதைக்குக் குறைவில்லாமல் நடத்தினாய், ஜுரம் என்றால் மாத்திரை எந்த நேரத்தில் போட வேண்டும் என்று போன் செய்தாய். ஆனால் கோவிந்தன் எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அவன் அன்றைக்கு ராத்திரி முழுக்க மதகடியில் என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதது, தெரு வீட்டில் படுத்திருந்த உனக்குத் தெரியாது. "கால் வழுக்கிடுச்சிண்ணே, வேணும்னா செஞ்சேன்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அதற்குப் பிறகு அவன் யார் பாடைக்கும் தோள் கொடுக்கவில்லை. எடுக்கிற நேரத்துக்கு எங்காவது போய்விடுவான். என்மேல் காட்ட முடியாத கோபத்தை நீ அவன்மேல் காட்டினாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சும்மா இருந்தேன், எனக்கும் அது சௌகரியமாக இருந்தது.

அந்தக் கோவிந்தன்தான் போன வாரம் செத்தான். காலையில் அவன் மகள் செல்வி போன் செய்தாள். "பெரியப்பா, அப்பா போயிட்டாங்க. சாயந்தரம் எடுக்கணும், வாய்க்கால் நெறைய போவுது. தண்ணிய மறிங்க பெரியப்பா." நான் "இதோம்மா" என்று சொல்லி எழுந்துவிட்டேன். எழுந்து கதவுக்குப் பின்னால் கையை விட்டேன். ஷட்டரைத் திருகுகிற இரும்புக் கைப்பிடி குவார்ட்டர்ஸில் அங்கேதான் சாத்தி வைத்திருப்பேன். இங்கே மருமகள் வாங்கி மாட்டிய துடைப்பம் கையில் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது மாடியில் கொஞ்ச நேரம் நின்றேன். வேலையை விட்டுவிட்டேன் என்பது எனக்கு ரிட்டயர்மெண்ட் அன்றைக்கு மாலை போட்டபோது உறைக்கவில்லை, அப்போதுதான் உறைத்தது. செல்வியிடம், "நான் இப்ப அங்க இல்லம்மா" என்று சொல்ல வாய் வரவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். உனக்குச் சொல்லாமல் போனதற்குக் காரணம் வேறு ஒன்றும் இல்லை, சொன்னால் போக விடமாட்டாய்.

மதகில் இப்போது ஒப்பந்தத்தில் ஒரு பையன் இருக்கிறான். பையன் என்றால் கல்யாணம் ஆனவன், வண்டியில் நாலைந்து மதகுகளைச் சுற்றிப் பார்த்துக்கொள்கிறான். நல்ல பிள்ளை, என்னைப் பார்த்ததும் மடித்துக் கட்டியிருந்த கைலியை இறக்கிவிட்டான். "அய்யா, முழுசா எறக்கக் கூடாதுன்னு மேலேருந்து ஸ்டிரிக்ட்டா சொல்லிருக்காங்க. ஒங்களுக்குத் தெரியாததா? பாதி எறக்கிருக்கேன். இடுப்பளவுதான் இருக்கும், பாத்துப் போயிடலாம்" என்றான். தம்பி, எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. நான் சொன்ன அதே வார்த்தை, நான் நின்ற அதே இடம். "அத குடுப்பா" என்று கைப்பிடியைக் கேட்டிருந்தால் அவன் கொடுத்திருப்பான். நான் ஆற்றைப் பார்த்தேன். அன்றைக்கு நின்ற அதே அளவுக்கு நின்றது. நான் கேட்கவில்லை. நீ இதைப் படித்துவிட்டுப் பல்லைக் கடிப்பாய், கடித்துக்கொள். அந்த வளைவுக்குக் கீழே குழந்தைகுட்டிகளோடு இருக்கிறவர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் முழுசாக மூடக் கை வராது.

தெருவுக்குப் போனேன். தூக்க ஆள் போதவில்லை. இளவட்டம் எல்லாம் திருப்பூர், சென்னை என்று போய்விட்டது, பாதிப் பேருக்குச் சேதியே அப்போதுதான் போயிருந்தது. வழக்கமாக நான் சாவு வீட்டில் தலையைக் காட்டிவிட்டு மதகுக்கு ஓடிவிடுவேன், பாடை கிளம்புகிற நேரத்தில் நான் தெருவில் இருந்ததே கிடையாது. இந்த முறை ஓட வேண்டிய இடம் எதுவும் இல்லை. முன்பக்கம் வலது தோளுக்கு ஆள் இல்லாமல் நின்றார்கள். நான் போய் நின்றேன். "பெரியப்பா, வேணாம், ஒங்களால முடியாது" என்று செல்வி அழுதுகொண்டே வந்து தடுத்தாள். "நீ உள்ள போம்மா" என்றேன்.

இத்தனை வருஷம் எத்தனை பேருக்குத் தண்ணீரை மறித்தேனோ, ஒரு பாடையோடுகூட நான் அந்த வாய்க்காலில் இறங்கியதில்லை. இறங்கியதும் முதலில் தெரிந்தது குளிர் இல்லை தம்பி, கால்தான் தெரியவில்லை. கலங்கல் தண்ணீரில் நம் கால் எங்கே இருக்கிறது என்று நமக்கே தெரியாது. அடியில் களிமண், வைத்த காலை எடுத்தால் வராது, எடுத்த காலை வைக்க இடம் கிடைக்காது. பக்கவாட்டில் தண்ணீர் தள்ளுகிறது. கரையில் லேசாக இருந்த கோவிந்தன் தண்ணீருக்குள் வந்ததும் கனத்துவிட்டான், பின்னால் இருந்தவர்கள் இன்னும் மேட்டில் நிற்கிறார்கள், மொத்தப் பாரமும் என் தோளுக்கு வருகிறது. முகத்தில் மழை அடிக்கிறது, துடைக்கக் கை கிடையாது. மூச்சு மட்டும் கேட்கிறது. எனக்குப் பயம் வரும் என்று நினைத்தேன், வெட்கம்தான் வந்தது. வாழ்நாள் முழுக்க இந்தத் தண்ணீரைக் கட்டி ஊருக்கெல்லாம் சோறு போட நாற்று நட்டவன் கோவிந்தன். அவனை அனுப்புகிறபோது நாலு பேர் இப்படித் திருடர்கள் மாதிரி தடவித் தடவிப் போகிறோமே என்று வெட்கம். நடுவில் எனக்கும் கால் இறங்கியது. விழவில்லை, ஆனால் தோள் தாழ்ந்துவிட்டது. அவனுடைய கால் பக்கம் தண்ணீரில் முங்கி எழுந்தது. அவன் மகன் எனக்கு முன்னால் சட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு போகிறான், திரும்பி என்னைப் பார்த்தான். நீ கோவிந்தனைப் பார்த்த பார்வை அதுவாகத்தான் இருந்திருக்கும்.

மதகில் நின்றால் இடுப்பளவு என்பது ஒரு அளவு. இவ்வளவு இறக்கினால் இவ்வளவு ஓடும் என்று கையே சொல்லிவிடும். உள்ளே இறங்கினால்தான் அது என்ன என்று தெரிகிறது. உனக்கு அது அந்த வயதில் தெரிந்துவிட்டது, எனக்கு வேலையை விட்ட பிறகுதான் தெரிந்தது. அந்தண்டைக் கரையில் ஏறி உன் அம்மாவின் இடத்தைத் தேடினேன். காட்டாமணக்கு ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடக்கிறது, எந்த இடம் என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. தெரியாதுதானே, நான் அன்றைக்கு வரவில்லையே. உன்னிடம் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாய்.

நீ எனக்குப் போன் செய்து, வேலையில் தலைக்கு மேல் இருக்கிறது, பிள்ளையின் பள்ளிக்கூட விழாவுக்குப் போக முடியவில்லை, மருமகளுடைய அப்பாவின் ஆபரேஷனுக்கு ஒரு நாள்தான் போய்த் தலைகாட்டினேன் என்றெல்லாம் சொல்கிறாய். சொல்லும்போது உன் குரலில் கொஞ்சம் பெருமையும் இருக்கிறது. எனக்குத் தெரியும், அது என்னுடைய குரல். என்னிடமிருந்து வேறு எதை எடுத்துக்கொண்டாலும் அதை எடுத்துக்கொள்ளாதே. நல்ல வேலைக்காரன் என்று பேர் வாங்கு, வேண்டாம் என்று சொல்லவில்லை. நாம் இல்லாவிட்டால் உடைந்துவிடும் என்று ஒவ்வொரு வேலையும் நம்மை நம்பவைக்கும். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும், அதுதான் கஷ்டம். ஆனாலும் வீட்டில் ஒருவர் வந்து "வாங்க" என்று கூப்பிட்டால், ஷட்டரை யார் கையிலாவது கொடுத்துவிட்டு எழுந்து போ. அன்றைக்கு மதகில் இரண்டு பேர் சும்மா நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். "கொஞ்சம் பாத்துக்கங்கய்யா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு அவர்கள்மேல் நம்பிக்கை வரவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கியதற்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்க மாட்டேன். அதைவிட்டு எழுந்து வந்து அவளுக்குத் தோள் கொடுக்காததற்குக் கேட்கிறேன். நான் வந்திருந்தாலும் வழுக்கியிருக்கும்தான். ஆனால் நீ சட்டியைப் போட்டுவிட்டு அவளைப் பிடித்தபோது, இன்னொரு பக்கம் பிடிக்க அவள் புருஷன் இருந்திருப்பான்.

முடிந்தால் செல்விக்கு ஒரு போன் செய். உன்னைவிடச் சின்னவள், அப்பனைப் பறிகொடுத்திருக்கிறாள். எதையும் விளக்க வேண்டாம், "அண்ணன் பேசுறேம்மா" என்று ஆரம்பித்தால் போதும், மீதியை அவள் பேசிக்கொள்வாள்.

நீ கேட்காத கேள்விக்கு இப்போது பதில் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஆசை இருந்தது. ரிட்டயர் ஆகி இங்கே வந்த பிறகு அந்த ஆசை இன்னும் கூடிவிட்டது. சாகிற வரைக்கும் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம், இந்த மூன்றாவது மாடியில்கூட இருக்கலாம், செத்த பிறகு அவள் பக்கத்தில் போய்விடலாம் என்று நினைத்துத்தான் பெட்டியைக் கட்டினேன். போன வாரம் அந்தத் தண்ணீரில் இறங்காமல் இருந்திருந்தால் இந்தக் கடிதத்தில் உன்னிடம் சண்டை போட்டிருப்பேன், தெருக்காரர்களைக் கூட்டி வைத்துச் சத்தியம்கூட வாங்கியிருப்பேன். இப்போது முடியாது. என்னைத் தூக்கிக்கொண்டு நீ இன்னொரு தடவை அங்கே இறங்க வேண்டாம்.

நீ சொன்னபடியே செய். வேன் வரட்டும், அந்த நாலு பேர் மாடிப்படியில் இறக்கட்டும், நீ காரில் பின்னால் வா. உன் அம்மாவுக்கு வருத்தமாக இருக்குமே என்று நினைக்காதே. அன்றைக்கே நான் இல்லாமல் தனியாகத்தான் போனாள், அவளுக்கு அது பழகியிருக்கும்.

அப்பா